பிரேக் லீவர் பஞ்சு மாதிரி அமுங்குகிறதா?

டிஸ்க் பிரேக்கில் எங்கும் கசிவு இல்லை, பேடும் தேயவில்லை, ஆனாலும் லீவர் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது என்றால் பெரும்பாலும் பிரேக் ஆயில் போகும் லைனில் காற்று புகுந்திருக்கும். ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். பிடிக்கிற பிடி அதிலேயே வீணாகிவிடும்.

வண்டியில் பிரேக் ஆயில் இருக்கும் டப்பாவின் மூடியில் எந்த வகை ஆயில் என்று போட்டிருக்கும் (பெரும்பாலும் டாட் 3 அல்லது டாட் 4). அதையே, சீல் உடைக்காத பாட்டிலாக வாங்குங்கள். திறந்து வைத்த ஆயில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

காலிபரில் (பேடை டிஸ்க்கோடு அழுத்தும் பாகம்) காற்றை வெளியேற்ற இருக்கும் சின்னத் திருகுதான் நிப்பிள். அதில் ரிங் ஸ்பேனரை மாட்டி, நிப்பிள் முனையில் உள்ளே தெரிகிற ட்யூபைச் செருகி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் முக்குங்கள். லீவரைச் சில தடவை அடித்து, அழுத்தியபடியே பிடியுங்கள். நிப்பிளைக் கால் சுற்று திறந்தால் குமிழியோடு ஆயில் வரும். நிப்பிளை மூடிய பிறகுதான் லீவரை விட வேண்டும். முந்தினால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். குமிழி நிற்கும்வரை இதையே செய்யுங்கள். நடுநடுவே டப்பாவில் ஆயிலை நிரப்புங்கள், வற்றினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

ஆயில் பெயிண்ட்டை அரிக்கும், சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள். பேடில் படவே கூடாது.

இவ்வளவு செய்தும் லீவர் இறுகவில்லை, வண்டியிலும் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இருக்கிறது என்றால் மெக்கானிக்கிடம் விடுங்கள். அதன் யூனிட்டுக்குள் மாட்டிய காற்றை எடுக்கப் பல வண்டிகளுக்கு ஸ்கேனர் வேண்டும். லீவர் கெட்டியாகும்வரை வண்டியை ரோட்டில் எடுக்காதீர்கள்.