புது சமையலறைக்கு நிறம் தேர்ந்தெடுப்பது எப்படி? சுவரைக் கடைசியில் வையுங்கள்

புது சமையலறை என்றதும் நம்மில் பலர் முதலில் கையில் எடுப்பது பெயின்ட் ஷேட் கார்டைத்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். வெளிர் சாம்பல் ஒன்று மிகவும் பிடித்துப்போய், சுவர் முழுக்க அடித்தும் முடித்தாயிற்று. இரண்டு வாரம் கழித்து, பழுப்பும் மஞ்சளும் கலந்த மேடைக் கல் வந்து உட்கார்ந்தது. அன்று மாலையே அந்தச் சாம்பல் சுவர் லேசான ஊதாவாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. பெயின்டில் குறை இல்லை, கல்லிலும் குறை இல்லை, இரண்டும் தனித்தனியாக அழகுதான். நான் போன வரிசைதான் தப்பு.

அதனால் இங்கே நான் சொல்லப்போவது பெரும்பாலும் வரிசையைப் பற்றித்தான். எந்த நிறம் நல்ல நிறம் என்று நான் சொல்ல முடியாது, அது உங்கள் கண்ணுக்குத்தான் தெரியும். ஆனால் எதை முதலில் முடிவு செய்வது, எதைக் கடைசியில் விடுவது என்பதைச் சொல்லலாம். ஒரு நோட்டு, போன் கேமரா, ஏ3 அளவில் நாலைந்து வெள்ளை அட்டைகள், சாதாரண வெள்ளைத் தாள் ஒன்று, இவை போதும். கூடவே இரண்டு மூன்று நாள் அவகாசம் எடுத்துக்கொள்ளுங்கள், இது ஒரே நாளில் முடிக்கிற வேலை அல்ல.

படி 1: எது மாறாது என்று பட்டியல் போடுங்கள்

சமையலறையில் கண்ணுக்குத் தெரியும் பரப்புகளை எல்லாம் நோட்டில் எழுதுங்கள்: தரை, மேடைக் கல், மேடைக்கு மேலே ஒட்டும் டைல்ஸ், அலமாரிக் கதவுகள், அடுப்பு, ஃபிரிட்ஜ், சிங்க், சுவர், கூரை, கைப்பிடிகள், ஜன்னல் திரை. பிறகு ஒவ்வொன்றையும் மாற்ற வேண்டுமென்றால் எவ்வளவு இடிக்க வேண்டியிருக்கும் என்று யோசித்து மேலிருந்து கீழாக அடுக்குங்கள். தரையும் கல்லும் மேலே வரும். சுவர் பெயின்ட் கிட்டத்தட்ட அடியில் வரும்.

இதுதான் நீங்கள் முடிவெடுக்க வேண்டிய வரிசை. காரணம் எளிது. கல்லிலும் டைல்ஸிலும் கிடைப்பதைத்தான் எடுக்க முடியும், பெயின்டிலோ ஆயிரக்கணக்கான ஷேடுகள் உண்டு. கிடைத்த கல்லுக்கு ஏற்ற பெயின்டைக் கலந்து வாங்கலாம், அடித்த பெயின்டுக்கு ஏற்ற கல்லைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பழைய தரையை அப்படியே வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் மாற்றுகிறீர்கள் என்றால், அந்தத் தரை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் பட்டியலில் முதல் இடம் அதற்குத்தான்.

படி 2: நிறத்துக்கு முன்னால் வெளிச்சம்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள், ஏனென்றால் பிறகு வரும் எல்லாமே இதை நம்பித்தான் இருக்கிறது.

காலை, நண்பகல், மாலை, விளக்கு போட்ட பிறகு என நான்கு நேரத்தில் அந்த அறையில் போய் நில்லுங்கள். கிழக்கு ஜன்னல் என்றால் காலையில் இதமான மஞ்சள் ஒளி வந்து, மதியத்துக்கு மேல் அது வெளிறிப்போகும். மேற்கு ஜன்னல் காலை முழுக்க மங்கலாக இருந்துவிட்டு மாலையில் எல்லாவற்றின் மேலும் ஆரஞ்சைப் பூசும். ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள். அடர்ந்த மரம் இருந்தால் உள்ளே வரும் ஒளியில் பச்சை கலந்திருக்கும், எதிரே செங்கல் சுவர் இருந்தால் சிவப்பு கலந்திருக்கும். உள்ளே அடித்த வெள்ளைச் சுவர் அதை அப்படியே காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது பல்பு. எல்இடி பல்பின் அட்டைப்பெட்டியில் கெல்வின் என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். 2700 என்றால் பழைய குண்டு பல்பு போன்ற மஞ்சள், 4000 நடுநிலை வெள்ளை, 6500 நீலம் கலந்த வெள்ளை. 2700-இல் நீலமும் சாம்பலும் மங்கிப்போகும், 6500-இல் கிரீமும் மரநிறமும் உயிர் போனது போல் இருக்கும். என் கணக்கில் சமையலறைக்கு 3000 முதல் 4000 வரை நன்றாக இருக்கிறது. நீங்கள் எதை எடுத்தாலும் கூரையிலும் மேல் அலமாரிக்கு அடியிலும் ஒரே எண்ணில் வாங்குங்கள். ஒன்று மஞ்சள், ஒன்று நீலம் என்று இருந்தால் ஒரே கதவு மேலே ஒரு நிறமாகவும் கீழே ஒரு நிறமாகவும் தெரியும்.

பெட்டியில் சிஆர்ஐ என்றும் ஒரு எண் இருக்கும். நிறங்களை அந்த பல்பு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான அளவு அது, அதிகபட்சம் 100. சமையலறைக்கு 90-க்கு மேல் பாருங்கள். காய் பழுத்திருக்கிறதா, இறைச்சி வெந்துவிட்டதா என்று பார்ப்பதுகூட அந்த வெளிச்சத்தில்தானே!

இன்னொன்று. ஒரு லேமினேட் கதவும் பெயின்ட் அடித்த சுவரும் பகலில் ஒரே நிறமாகத் தெரிந்து, இரவில் விளக்கு போட்டதும் வேறு வேறாகப் பிரியலாம். இரண்டிலும் உள்ள நிறமிகள் வேறு, அவை ஒளியை எடுத்துக்கொள்ளும் விதமும் வேறு. மெட்டாமெரிசம் என்று இதற்குப் பெயர். ஆகவே இரண்டு வெவ்வேறு பொருளில் ஒரே நிறத்தைக் கொண்டுவர மெனக்கெட வேண்டாம். கொஞ்சம் பிசகினாலும் தவறிப்போனதாகத் தெரியும். தெளிவாக ஒன்றைவிட ஒன்று வெளிறியோ அடர்ந்தோ இருந்தால், வேண்டும் என்றே வைத்ததாகத் தெரியும்.

படி 3: கல்லுக்குள் ஓடும் சாயலைக் கண்டுபிடியுங்கள்

கிரானைட்டோ பளிங்கோ வாங்குவதாக இருந்தால் கையளவு துண்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இயற்கைக் கல்லில் ஒரு பலகை போல இன்னொன்று இருக்காது. உங்கள் வீட்டுக்கு வரப்போகும் அதே பலகையை நேரில் பார்த்து, அதிலிருந்து வெட்டிய துண்டு கிடைத்தால் வாங்கி வாருங்கள்.

அந்தத் துண்டை வெள்ளைத் தாளின் மேல் வையுங்கள். வெறும் கண்ணுக்குச் சாம்பலாகத் தெரிந்த கல்லில் நீலமோ பச்சையோ பழுப்போ ஓடுவது அப்போதுதான் தெரியும். வெள்ளைக்கும் இப்படித்தான். நாலு வெள்ளை ஷேடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றில் மஞ்சள், ஒன்றில் இளஞ்சிவப்பு, ஒன்றில் நீலம் என்று நான்கும் பிரிந்து நிற்கும். கல்லின் உள்ளே ஓடும் சாயலும் கதவின் உள்ளே ஓடும் சாயலும் ஒத்துப்போகின்றனவா என்பதுதான் முக்கியம். நீலம் ஓடும் பளிச் வெள்ளை டைல்ஸுக்கு அருகே கிரீம் கதவு வைத்தால், அந்தக் கதவு துடைக்காமல் விட்டது போல இருக்கும், எத்தனை துடைத்தாலும்.

ஏன் இப்படி ஆகிறது? 19ஆம் நூற்றாண்டில் பாரிஸின் கோபெலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் மிஷல் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர். அங்கே நெய்த திரைகளில் கறுப்பு எடுப்பாக இல்லை என்று புகார் வந்தது. சாயத்தைச் சோதித்தால் அதில் குறை இல்லை. கறுப்பு நூலுக்குப் பக்கத்தில் இருந்த நிறங்கள்தான் அதை அப்படிக் காட்டின. ஒரு நிறம் தன் எதிர் நிறத்தை அண்டை நிறத்தின் மேல் ஏற்றிவிடும் என்பதை அவர் 1839-இல் விரிவாக எழுதினார். என் சுவருக்கு நடந்ததும் அதுதான். மஞ்சள் கல்லின் பக்கத்தில் வந்ததும் சாம்பல், மஞ்சளின் எதிர் நிறமான ஊதாவின் பக்கம் சாய்ந்துவிட்டது. அது படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது, அதற்குள் ஒரு முறை சுவரை மறுபடி அடித்திருந்தேன்.

படி 4: எத்தனை நிறம், எது எவ்வளவு

அறை அலங்காரத்தில் 60-30-10 என்று ஒரு கணக்கு புழக்கத்தில் இருக்கிறது. பரப்பில் சுமார் 60 பங்கு ஒரு நிறம், 30 பங்கு இரண்டாவது, 10 பங்கு எடுப்பாகத் தெரிய வேண்டிய மூன்றாவது. சமையலறையில் 60 என்பது பெரும்பாலும் சுவர் அல்ல, அலமாரிக் கதவுகள்தான். கதவும் டைல்ஸும் போக வெறும் சுவர் கொஞ்சம்தான் மிஞ்சும். கல்லும் தரையும் 30-க்குள் வரும். கைப்பிடி, ஸ்டூல், திரை எல்லாம் 10. அளவுகோல் வைத்து அளக்கத் தேவையில்லை, மூன்றும் சம அளவில் போட்டி போடாமல் இருந்தால் சரி.

எந்த நிறங்களைச் சேர்ப்பது? முதல் முறை செய்பவருக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒரே நிறத்தின் வெளிர், அடர் என இரண்டு சாயல், கூட மரநிறம். இதில் தவறுவது கடினம். கொஞ்சம் துணிச்சல் இருந்தால், நிறங்களை வட்டமாக அடுக்கிக் காட்டும் நிற வட்டத்தில் அடுத்தடுத்து இருப்பவை, உதாரணமாக பச்சையும் நீலப்பச்சையும். எதிரெதிர் நிறங்கள், அதாவது நீலத்துக்கு ஆரஞ்சு, பச்சைக்குச் சிவப்பு என்று போவதானால் ஒன்று பெரிய பரப்பிலும் மற்றது அந்த 10 பங்கிலும் மட்டும் இருக்கட்டும்.

நிறத்தை அழகுக்காக மட்டும்தான் எடுக்க வேண்டும் என்று இல்லை. இன்றைய மாடுலர் சமையலறைக்கு முன்னோடி என்று சொல்லப்படும் ஃபிராங்க்ஃபர்ட் சமையலறையை 1926-இல் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்தபோது கதவுகளுக்கு நீலப்பச்சை அடித்தார்கள், அந்த நிறத்தில் ஈ உட்காராது என்ற எண்ணத்தில். உங்களுக்கும் அதுபோல ஒரு காரணம் இருக்கலாம். பளபளக்கும் கறுப்புக் கதவில் ஒவ்வொரு விரல் ரேகையும் தெரியும், வெள்ளைத் தரையில் உதிரும் ஒவ்வொரு முடியும் தெரியும், நடுத்தரச் சாயலில் லேசான புள்ளி போட்ட கல் இரண்டையும் மன்னித்துவிடும். தினமும் துடைக்கப்போவது யார் என்று கேட்டுக்கொண்டு தேர்ந்தெடுங்கள்.

சின்ன அறைக்கு அடர் நிறம் கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாக வைக்கலாம். கீழ் அலமாரிக்கு அடர் நிறம், கண் உயரத்தில் இருக்கும் மேல் அலமாரிக்கு வெளிர் நிறம் என்று பிரித்தால் அறை சுருங்கியது போலத் தோன்றாது.

படி 5: கறுப்பு வெள்ளையில் ஒரு படம்

தேர்ந்தெடுத்த துண்டுகளை எல்லாம், கல், டைல்ஸ், லேமினேட், தரை என்று ஒன்றாக அடுக்கி போனில் படம் எடுத்து அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், நிறங்கள் வேறு வேறாக இருந்தாலும் அறை தட்டையாக இருக்கும். ஒன்று வெளிறி, ஒன்று நடுவில், ஒன்று அடர்ந்து இருக்க வேண்டும்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இந்தச் சோதனை இன்னும் முக்கியம். வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகி, நீலத்தையும் பச்சையையும் பிரித்தறிவது சிரமமாகும். ஆனால் வெளிர், அடர் வேறுபாடு அவர்களுக்குத் தெரியும். மேடையின் விளிம்பும் தரையும் ஒரே சாயலில் இருந்தால் மேடை எங்கே முடிகிறது என்று தெரியாமல் பாத்திரத்தை நழுவ விடுவார்கள். அந்த இரண்டுக்கும் இடையில் மட்டுமாவது நல்ல வேறுபாடு வையுங்கள்.

படி 6: இப்போதுதான் பெயின்ட்

ஷேட் கார்டில் உள்ள சின்னக் கட்டத்தை நம்ப வேண்டாம். அதே நிறம் சுவர் முழுக்க வந்தால் இன்னும் அழுத்தமாகத் தெரியும், அதனால் மனதில் இருப்பதைவிட ஒரு படி வெளிறியதையும் சேர்த்துச் சோதியுங்கள். மாதிரி டப்பா வாங்கி ஏ3 அட்டையில் இரண்டு கோட் அடியுங்கள், சுற்றிலும் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளையை விட்டுவிடுங்கள். நேராகப் பழைய சுவரில் பட்டையாக அடித்துப் பார்த்தால் பழைய நிறம் குறுக்கே வந்து கண்ணைக் குழப்பும். தண்ணீரில் கரையும் பெயின்ட் பொதுவாகக் காய்ந்ததும் கொஞ்சம் அடர்ந்துவிடும், ஆகவே ஈரத்தில் முடிவெடுக்காதீர்கள்.

காய்ந்த அட்டையைச் செங்குத்தாக நிறுத்துங்கள், மேடையில் படுக்கவைத்துப் பார்த்தால் ஒளி விழும் விதமே வேறு. கல்லின் பின்னால், ஜன்னல் ஓரத்தில், இருட்டு மூலையில் என்று நகர்த்தி நகர்த்தி, படி 2-இல் சொன்ன அதே நான்கு நேரத்திலும் பாருங்கள். போனில் எடுத்த படத்தை வைத்து நிறத்தை முடிவு செய்ய வேண்டாம், கேமரா தன்னிஷ்டத்துக்கு வெள்ளையைத் திருத்திக்கொள்ளும். அந்த அட்டைகளில் இரவிலும் பகலிலும் உறுத்தாத ஒன்றை எடுங்கள். பகலில் மட்டும் பிரமாதமாக இருக்கும் நிறத்தை, பாவம் என்று பார்க்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

படி 7: பளபளப்பு

பளபளப்பே இல்லாத மேட் பெயின்ட் சுவரின் மேடு பள்ளத்தை மறைக்கும், ஆனால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தால் தடம் விழும். நன்றாகப் பளபளக்கும் க்ளாஸ் பெயின்ட் துடைக்கச் சுலபம், ஆனால் சுவரின் ஒவ்வொரு குறையையும் காட்டும். சமையலறைச் சுவருக்கு இடைப்பட்ட சாட்டின் எனக்குப் பிடித்தது. எண்ணெய் அடிப்படையிலான வெள்ளை எனாமலை அலமாரியின் உட்புறத்துக்கு அடிக்காதீர்கள், வெளிச்சம் படாத இடத்தில் அது மஞ்சளடிக்கும்.

படி 8: க்ரௌட்டை மறக்காதீர்கள்

டைல்ஸுக்கு இடையில் பூசும் க்ரௌட்டும் ஒரு நிறம்தான். வெள்ளை டைல்ஸுக்குக் கறுப்பு க்ரௌட் போட்டால் சுவரில் கட்டம் கட்டமாகக் கோடு ஓடும், அது பிடித்துச் செய்தால் சரி. அடுப்புக்குப் பின்னால் தூய வெள்ளை க்ரௌட் மட்டும் வேண்டாம். டைல்ஸைவிட அரைப் படி அடர்ந்த சாம்பலோ பழுப்போ பல ஆண்டுகள் ஒரே மாதிரி இருக்கும்.

படி 9: வாங்கும்போது

சுவர் முழுவதற்கும் தேவையான பெயின்டை ஒரே தடவையில், டப்பாக்களில் ஒரே பேட்ச் எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அப்படியும் எல்லா டப்பாவையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலந்துகொண்டு அடித்தால் ஒரு சுவருக்கும் மறு சுவருக்கும் வேறுபாடு வராது. டைல்ஸுக்கும் பேட்ச் எண் உண்டு, உடைந்தால் மாற்றுவதற்குச் சில ஓடுகளைக் கூடுதலாக வாங்கி வையுங்கள். கடைசியாக, பெயின்ட் குறியீடு, பளபளப்பு வகை, க்ரௌட்டின் பெயர், லேமினேட் எண், பல்பின் கெல்வின் எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதி சிங்குக்குக் கீழே உள்ள கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். ஐந்து வருடம் கழித்து ஒரு கதவோ பல்போ மாற்ற வேண்டி வரும்போது, போனில் எங்கே சேமித்தோம் என்று தேடாமல் அந்தக் கதவைத் திறந்தால் போதும்.