இடைவேளைக்குள் பரிமாற 24 கிண்ண டாக்கோக்கள்: ரக்பி இரவுக்கான செய்முறை

2023ஆம் ஆண்டு ரக்பி உலகக் கோப்பையின் காலிறுதியில் பிரான்சை 29–28, அரையிறுதியில் இங்கிலாந்தை 16–15, இறுதியில் நியூசிலாந்தை 12–11 என்று, மூன்று ஆட்டங்களையும் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் எங்கள் தென்னாப்பிரிக்காவின் ஸ்பிரிங்போக்ஸ் அணி வென்றது. அந்த மூன்று இரவுகளிலும் டர்பனில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உறவினர் நிறைந்திருந்தனர். தட்டை மடியில் வைத்துக்கொண்டு சோறும் கறியும் பிசைந்து உண்ணும் மனநிலை ஒருவருக்கும் இல்லை. கண் திரையை விட்டு அகலாமல், ஒரு கையால் எடுத்து, இரண்டு கடியில் முடித்துவிடக்கூடிய உணவே அத்தகைய இரவுக்கு உகந்தது. சமோசா எப்போதும் அந்த இடத்தில் இருக்கிறது. அதற்குத் துணையாக நான் இப்போது தவறாமல் செய்வது, மஃபின் தட்டில் சுட்ட சிறு கிண்ணங்களில் நிரப்பிய, டாக்கோ என்னும் மெக்சிகோ உணவு.

முதன்முறையாக ஓவனைத் தொடுபவரும் இதைச் செய்துவிடலாம். கவனம் வேண்டியது ஒன்றில்தான்: ஈரம் எந்த நேரத்தில் கிண்ணத்துக்குள் செல்கிறது என்பதில். ரொட்டியையே பாத்திரமாக்கி அதில் கறி ஊற்றுவது பன்னி சாவ் என்னும் அத்தகைய உணவு பிறந்த எங்கள் டர்பனுக்குப் புதிதன்று. ஆனால் அங்கே ரொட்டியின் சுவர் விரற்கடை தடிமன் இருப்பதால் குழம்பை உறிஞ்சிக்கொண்டும் நிற்கும். டாக்கோவின் சுவரோ அப்பளத்தைவிடச் சற்றே தடித்தது. பத்து நிமிடம் ஈரத்தில் இருந்தாலே அது துவண்டு, எடுத்தவரின் சட்டையில் விழுந்துவிடும்.

மாவைப் பற்றி ஓர் எச்சரிக்கை

மெக்சிகோவில் டாக்கோ என்பது மக்காச்சோள டோர்ட்டியாவை (மெல்லிய ரொட்டியை) மடித்து, நடுவில் கறியோ பயறோ வைத்து உண்பது. கிண்ண வடிவம் அங்கே மரபன்று. விருந்துக்கு வசதியாகப் பின்னர் தோன்றியது. மக்காச்சோளம் என்றவுடன், பாப் என்னும் களி கிண்டுவதற்காக நம் வீடுகளில் பை பையாக இருக்கும் மீலி மாவு, அதாவது மக்காச்சோள மாவு, நினைவுக்கு வரும். அதைக்கொண்டு டோர்ட்டியா தட்ட முயலாதீர்கள். நான் முயன்றிருக்கிறேன், கல்லில் போடுமுன்பே நான்காக விரிந்து உடைந்தது. மெக்சிகோவில் சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, ஊறவைத்து, கழுவிய பிறகே அரைக்கிறார்கள். அந்தச் சுண்ணாம்பு தானியத்தின் மேல்தோலைக் கழற்றி, மாவுக்கு ஒட்டும் தன்மையைக் கொடுக்கிறது. நம் மீலி மாவு அந்த வழியில் வருவதில்லை; எவ்வளவு பிசைந்தாலும் அது இழுபடாது. ஆகவே கோதுமை டோர்ட்டியாவை எடுத்துக்கொள்வோம். வட மெக்சிகோவில் கோதுமை டோர்ட்டியாவே வழக்கம் என்பதால் இதில் குறையேதும் இல்லை. இங்கே கடைகளில் அது ராப் என்ற பெயரில் கிடைக்கும்.

வீட்டு ரொட்டியைப் பயன்படுத்தலாமா என்று என் அத்தை கேட்டார். பயன்படுத்தலாம். ஆனால் வெந்நீரும் வெண்ணெயும் விட்டுப் பிசையும் நம் ரொட்டி மென்மைக்காகவே செய்யப்படுவது. டாக்கோவுக்கு வெண்ணெயைப் பாதியாகக் குறைத்து, வழக்கத்தைவிட மெல்லியதாகத் தேய்த்து, கல்லில் முக்கால் வேக்காடாக எடுத்தால் கிண்ணமாகச் சுட வரும்.

எட்டுப் பேருக்கு வேண்டியவை

ஆளுக்கு மூன்று என்ற கணக்கில் 24 கிண்ணங்கள். இதற்கு 25 சென்டிமீட்டர் அகலமுள்ள ஆறு ராப்கள், 500 கிராம் கோழிக் கொத்துக்கறி, 120 கிராம் துருவிய செடார் சீஸ், பழுத்த தக்காளி மூன்று, வெங்காயம் இரண்டு, பூண்டு மூன்று பல், வெண்ணெய்ப்பழம் இரண்டு, எலுமிச்சை இரண்டு, முட்டைக்கோஸில் கால் பங்கு, ஒரு கட்டுக் கொத்துமல்லி, அரை லிட்டர் அமாசி (புளிக்கவைத்த பால்) ஆகியவை வேண்டும். அலமாரியிலிருந்து மிளகாய்த்தூள், சீரகத்தூள், மல்லித்தூள், காய்ந்த ஓரிகானோ, தக்காளி விழுது, எண்ணெய், உப்பு. கருவியாக, குழிப்பணியாரச் சட்டியைப் போலக் குழிகள் கொண்ட மஃபின் தட்டு ஒன்று. 12 குழிகள் இருந்தால் இரண்டு முறை சுடலாம்.

படி 1: முந்தைய இரவு அமாசியை வடிகட்டுதல்

டாக்கோவின் மேல் புளித்த கிரீம் வைப்பது பரவலான வழக்கம். அதன் இடத்தில் அமாசி மிக நன்றாகப் பொருந்துகிறது. எனக்கு அதன் புளிப்பே கூடுதலாகப் பிடிக்கும். ஆனால் பெட்டியிலிருந்து நேராக ஊற்றினால் நீர்த்துவிடும். மெல்லிய பருத்தித் துணியை வடிகட்டியில் விரித்து, அமாசியை ஊற்றி, அடியில் ஒரு பாத்திரம் வைத்து, இரவு முழுவதும் குளிர்பதனப் பெட்டியில் விட்டுவிடுங்கள். காலையில் துணியில் கெட்டித் தயிர் போல நிற்கும். சிட்டிகை உப்பும் அரை எலுமிச்சையின் சாறும் கலந்து மூடி வையுங்கள்.

படி 2: கிண்ணங்களைச் சுடுதல்

ஓவனை 190 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்குங்கள். விசிறி உள்ள ஓவனாக இருந்தால் 170 போதும். 10 சென்டிமீட்டர் வாயுள்ள கிண்ணத்தையோ மூடியையோ ராப்பின் மேல் கவிழ்த்து, விளிம்பைச் சுற்றிக் கத்தியால் வெட்டுங்கள். 25 சென்டிமீட்டர் ராப்பில் நெருக்கமாக வைத்தால் நான்கு வட்டங்கள் கிடைக்கும். கடையில் 20 சென்டிமீட்டர் அளவே இருந்தால், வட்டத்தை 9 சென்டிமீட்டராகக் குறைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஒன்றில் மூன்று வட்டங்கள் வரும், 24 கிண்ணங்களுக்கு எட்டு ராப்கள் ஆகும். மிஞ்சும் துண்டுகளையும் எண்ணெய் தடவி உடன் சுட்டால் பிள்ளைகள் அவற்றை முதலில் காலி செய்துவிடுவார்கள்.

வெட்டிய வட்டங்களைச் சூடான தோசைக்கல்லில் பக்கத்துக்குப் பத்து விநாடி காட்டுங்கள். தொடங்குபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இந்தச் சிறு வேலையைத்தான். குளிர்ந்த ராப்பைக் குழிக்குள் அழுத்தினால் மடிப்பில் பிளந்து, பின்னர் அந்தப் பிளவு வழியாகவே சாறு ஒழுகும். சூடு பட்டதோ சேலைக் கொசுவம் போல மடிந்து கொடுக்கும். இருபுறமும் மெல்லியதாக எண்ணெய் தடவி, குழியில் வைத்து, அடி படியும்படி விரலால் அழுத்தி, 8 முதல் 10 நிமிடம் சுடுங்கள். விளிம்பு பொன்னிறமாகி, தட்டினால் ஓசை வர வேண்டும். உடனே வெளியே எடுத்துக் கம்பித் தட்டில் ஆறவிடுங்கள். சூடான குழியிலேயே விட்டால் ஆவி வெளியேற வழியின்றி அடிப்பாகம் வியர்த்து, மொறுமொறுப்பு போய்விடும்.

முழுவதும் ஆறிய கிண்ணங்களைக் காற்றுப் புகாத டப்பாவில் அடுக்கினால் மறுநாள் வரை கெடாது. டர்பனின் கடற்காற்றில் சற்று நமுத்துப்போனால், 160 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்தால் மீண்டுவிடும்.

படி 3: பூரணம்

அகலமான வாணலியில் இரண்டு கரண்டி எண்ணெயைச் சூடாக்கி, பொடியாக நறுக்கிய ஒரு வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, நசுக்கிய பூண்டைச் சேருங்கள். கொத்துக்கறியைப் போட்டு, தீயைக் கூட்டி, கட்டிகளை உடைத்துக்கொண்டே கிளறுங்கள். முதலில் கறி நீர் விடும். அந்த நீர் வற்றி எண்ணெயில் பொரியும் ஓசை கேட்கும் வரை மசாலாவைச் சேர்க்க வேண்டாம். பிறகு சீரகத்தூள் இரண்டு தேக்கரண்டி, மிளகாய்த்தூள் இரண்டு தேக்கரண்டி, மல்லித்தூள் ஒரு தேக்கரண்டி, ஓரிகானோ அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி, தக்காளி விழுது இரண்டு மேசைக்கரண்டி ஆகியவற்றைச் சேர்த்து, அரைக் குவளை நீர் விட்டு, மிதமான தீயில் வற்றவிடுங்கள்.

விக்டோரியா தெருச் சந்தையில் வாங்கிய கறி மசாலா கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, மிளகாயையும் சீரகத்தையும் தனித்தனியாக அளப்பதேன் என்று தோன்றலாம். பட்டையும் கிராம்பும் வெந்தயமும் சேர்ந்த தூளைப் போட்டால் வாணலியில் இருப்பது நம் கொத்துக்கறியாகவே ஆகிவிடும். அது சுவையானதுதான்; ஆனால் அதன் மேல் வெண்ணெய்ப்பழமும் எலுமிச்சையும் வைக்கும்போது இரண்டும் ஒன்றோடொன்று சேராது. சீரகம் முன்னே நிற்க வேண்டும், மற்றவை பின்னே.

வற்றியதா என்று அறிய, கரண்டியால் வாணலியின் நடுவே ஒரு கோடு இழுங்கள். கோட்டுக்குள் நீர் ஓடி வந்து நிரம்பினால் இன்னும் ஆகவில்லை. கோடு வாய்க்கால் போல உலர்ந்து நின்றால் இறக்கலாம். கோழிக்கறியின் உள்வெப்பம் 74 டிகிரியைத் தொட்டிருக்க வேண்டும். இவ்வளவு நேரம் கிளறிய கொத்துக்கறி அதைத் தாண்டியே இருக்கும். முன்கூட்டியே செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

புரட்டாசியில் பீன்ஸ் பூரணம்

2023இல் அயர்லாந்துடன் ஆடிய செப்டம்பர் 23, புரட்டாசிச் சனிக்கிழமை. பிரான்சுடனான காலிறுதி நடந்த அக்டோபர் 15ஆம் தேதியும் அதே மாதத்துக்குள் வந்தது. மாதம் முழுவதும் கவிச்சி தொடாத குடும்பங்கள் இங்கே ஏராளம் என்பதால், சுகர் பீன்ஸ் (உலர்ந்த பயறு வகை) பூரணத்தைப் பதிலிப் பண்டமாகக் கருதாமல் முழு மனத்தோடு செய்ய வேண்டும். உண்மையில் டாக்கோவுக்கு அது கறியைவிட நெருங்கிய உறவு; பீன்ஸும் மிளகாயும் தக்காளியும் மக்காச்சோளமும் அமெரிக்கக் கண்டத்திலிருந்தே நம் சமையலறைகளுக்கு வந்தவை.

250 கிராம் பீன்ஸை இரவு முழுவதும் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் முதல் பத்து நிமிடம் நன்கு கொதிக்கவிடுங்கள். வேகாத பீன்ஸில் வயிற்றைக் கெடுக்கும் நச்சுப் புரதம் உண்டு. அந்தக் கொதிதான் அதை அழிக்கும். பின்னர் விரலால் நசுங்கும் வரை மெதுவாக வேகவைத்து, நீரை வடித்து, மேலே சொன்ன அதே வெங்காயம், பூண்டு, தூள்களோடு வதக்கி, பாதியை மசித்துப் பாதியை முழுதாக விடுங்கள். முழுவதும் மசித்தால் களியாகிவிடும்; முழுவதும் விட்டால் கடிக்கும்போது உருண்டோடும். கோட்டுச் சோதனை இதற்கும் உண்டு.

படி 4: மேலே வைப்பவை

தக்காளியை நான்காகப் பிளந்து விதைப்பகுதியை நீக்கி, பொடியாக நறுக்கி, அரைத் தேக்கரண்டி உப்புப் பிசறி, வடிகட்டியில் 15 நிமிடம் விடுங்கள். உப்பு உள்ளிருக்கும் நீரை வெளியே இழுத்துவிடும். வடிந்த நீரை எங்கள் ஆயா மறுநாள் ரசத்துக்கு எடுத்து வைப்பார். நானும் அப்படியே செய்கிறேன். தக்காளியோடு மீதி வெங்காயம், கொத்துமல்லி, எலுமிச்சைச் சாறு சேர்த்தால் சல்சா ஆயத்தம்.

வெண்ணெய்ப்பழத்தை முட்கரண்டியால் கரடுமுரடாக மசித்து, எலுமிச்சைச் சாறும் உப்பும் கலந்து, பிளாஸ்டிக் தாளை அதன் மேற்பரப்பில் ஒட்டும்படி அழுத்தி மூடுங்கள். காற்றுப் பட்டால்தான் அது கறுக்கும். முட்டைக்கோஸை முடி போல மெல்லியதாக நறுக்குங்கள். லெட்யூஸ் சூட்டில் வாடுவதைப் போல இது வாடாது.

படி 5: விசில் ஊதும் நேரம்

ரக்பியில் ஒரு பாதி 40 நிமிடம்; காயத்துக்கும் நடுவர் மறுபார்வைக்கும் நிற்பதால் உண்மையில் கூடுதலாகவே ஓடும். உலகக் கோப்பை ஆட்டங்களில் இடைவேளை 15 நிமிடம். இந்தக் கணக்கை வைத்தே வேலையைப் பிரிக்க வேண்டும். ஆட்டம் தொடங்குமுன் கிண்ணங்கள் தட்டில், பூரணம் வாணலியில், மேலே வைப்பவை தனித்தனிக் கிண்ணங்களில் இருக்கட்டும். கடிகாரம் 25ஆவது நிமிடத்தைக் காட்டும்போது ஓவனை 180 டிகிரிக்குப் போட்டு, பூரணத்தை ஆவி பறக்கும் வரை சூடாக்குங்கள். 35ஆவது நிமிடத்தில் ஒவ்வொரு கிண்ணத்தின் அடியிலும் ஒரு தேக்கரண்டி சீஸ், அதன் மேல் ஒரு மேசைக்கரண்டி பூரணம் வைத்து, ஐந்து நிமிடம் ஓவனில் விடுங்கள்.

சீஸ் அடியில் செல்வதற்குக் காரணம் உண்டு. அது உருகி, மெழுகு பூசியதைப் போல ஓட்டின் உட்புறத்தை மூடிக்கொள்வதால், கொழுப்பைத் தாண்டி ஈரம் உடனே இறங்க முடியாது. பார்வைக்கு அழகென்று சீஸை மேலே தூவுபவர்கள் இந்தக் காப்பை இழந்துவிடுகிறார்கள்.

இடைவேளை விசில் ஊதியதும் தட்டை வெளியே எடுத்து, முட்டைக்கோஸ், சல்சா, வெண்ணெய்ப்பழம், கடைசியாக ஒரு சொட்டு அமாசி என்ற வரிசையில் வையுங்கள். இருவர் சேர்ந்தால் மூன்று நிமிடத்தில் 24 கிண்ணங்களும் முடிந்துவிடும். மேசையில் தட்டுகள் வேண்டாம். காகிதத் துடைப்பான்கள் போதும். ஆட்டம் விறுவிறுப்பாக இருக்கும்போது ஊற்றி நனைக்கும் சட்னியையும் பக்கத்தில் வைக்காதீர்கள்.

அடுத்த உலகக் கோப்பை 2027 அக்டோபர் 1 முதல் நவம்பர் 13 வரை ஆஸ்திரேலியாவில் நடக்கிறது. அக்டோபர் 3 முதல் சிட்னி நேரம் நம் நேரத்தைவிட ஒன்பது மணி முன்னால் ஓடுவதால், அங்கே மாலை ஆட்டம் என்றால் நமக்கு அது முற்பகல். கிண்ணங்களை முந்தைய இரவே சுட்டு டப்பாவில் அடைத்துவிடுங்கள். முதல் இரண்டு வாரங்கள் புரட்டாசிக்குள் வருவதால், பீன்ஸையும் அன்றிரவே ஊறப் போட்டுவிடுங்கள்.