அகேட் உருண்டை: வாங்கும்முன், துடைக்கும்முன்

அகேட் என்பது வளையம் வளையமாக நிறம் ஓடும் குவார்ட்ஸ் வகைக் கல். மெருகேற்றிய அகேட் உருண்டையைக் கையில் எடுத்ததும் கண் நிறத்துக்குத்தான் போகும். முதல் தவறு அங்கேதான். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு ஜன்னலோரம் கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று வைத்திருந்தேன். ‘இயற்கை நிறம்’ என்று சொல்லித்தான் விற்றார்கள். இரண்டு கோடை போனதும் வெயில் பட்ட பாதி சாம்பலாக வெளுத்துவிட்டது. சுவர்ப் பக்கம் மட்டும் பழைய நிறம் அப்படியே இருந்தது.

அகேட்டில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. சில வளையங்கள் சாயத்தைக் குடிக்கும், சில குடிக்காது. ஜெர்மனியின் இடார்-ஓபர்ஸ்டைனில் 19ஆம் நூற்றாண்டிலேயே அகேட்டுக்குச் சாயமேற்றுவது பெருந்தொழில். கருப்பு வேண்டுமென்றால் கல்லைச் சர்க்கரைக் கரைசலில் ஊறவைத்து, பிறகு கந்தக அமிலத்தில் போடுவார்கள். உள்ளே இறங்கிய சர்க்கரை கரியாகிவிடும். அந்தக் கருப்பு நிற்கும். பளீர் ரோஸும் ஊதாவும்தான் பெரும்பாலும் வெயிலுக்குத் தாங்காது. பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்: விரிசல்களில் நிறம் கோடுகோடாகத் தேங்கியிருந்தால் சாயம்தான். சாயக்கல் வாங்குவது தப்பில்லை, இயற்கைக் கல்லின் விலையை அதற்குக் கொடுப்பதுதான் தப்பு.

தராசை மட்டும் நம்பாதீர்கள். 6 செ.மீ. விட்டமுள்ள அகேட் உருண்டை ஏறத்தாழ 290 கிராம் இருக்கும். ரெசின் (பிளாஸ்டிக் மாதிரியான வார்ப்புப் பொருள்) என்றால் அதில் பாதிகூட வராது, எளிதில் மாட்டிக்கொள்ளும். கண்ணாடியோ 280 கிராம் காட்டி ஏமாற்றிவிடும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே காற்றுக்குமிழ் தெரிகிறதா என்று பார்ப்பதே நல்லது.

அகேட்டைக் கோமேதகம் என்று சொல்லி விற்பதும் உண்டு. இன்று நகைக்கடையில் கோமேதகம் என்பது கார்னெட் வகை. முற்றிலும் வேறு கல்.

வீட்டுக்கு வந்தபின் நடக்கும் தவறுகளில் எனக்கு அதிகம் வலிப்பது உலர்ந்த துணியால் துடைப்பது. திசையன்விளைப் பக்கம் ஆடிக்காற்றில் தேரி மண் வீட்டுக்குள் எப்படி வந்து படியும் என்று தெரியும்தானே? அந்தச் செம்மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ், 1 முதல் 10 வரை போகும் மோஸ் கடின அளவில் 7. அகேட்டுக்கு 6.5 முதல் 7. தினமும் தேய்த்தால் அந்த மண்ணே உப்புத்தாள் ஆகிவிடும். டார்ச்சைச் சாய்த்து அடித்தால் மெல்லிய வட்டக் கீறல்கள் சிலந்திவலை மாதிரி தெரியும். முதலில் தண்ணீரில் அலசுங்கள், பிறகு பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். குத்துவிளக்கு தேய்த்த கையோடு புளியை இதிலும் போட வேண்டாம். நடுவில் கால்சைட் (சுண்ணாம்புக் கனிமம்) இருந்தால் புளிப்பு அதை அரித்துவிடும்.

மேசையில் வெறுமனே வைத்தால் உருண்டுவிடும். தரையில் விழுந்த இடத்தில் பிறை வடிவில் தெறிப்பு விழும், மறுபடி மெருகேற்றாமல் போகாது. சின்னதாக ஒரு பனைநார்ப் புரிமணை போதும்.

கடைசியாக, ஊர்ச்சீட்டு. உருண்டையாகக் கடையும்போதே கல்லின் மேல்தோல் போய்விடுகிறது. எங்கே பிறந்தது என்று பார்த்துச் சொல்வது பிறகு கடினம். தாமிரபரணியில் எடுத்தது என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். நெல்லைச் சீமைப் பாறை பெரும்பாலும் சார்னோகைட், நைஸ் என்ற பழைய உருமாறிய பாறைகள். அகேட் அதிகம் உருவாவது தக்காணத்தைப் போன்ற எரிமலைப் பாறைகளின் பொந்துகளில். குஜராத்தின் ரத்தன்பூர் கல்லா, பிரேசில் கல்லா என்று விற்பவரிடம் கேட்டு, வாங்கிய தேதியோடு அன்றே எழுதி, சீட்டைப் புரிமணைக்கு அடியில் வையுங்கள்.