ரோபோட்டிக்ஸ் குழுவுக்கு இடம் பார்க்கிறீர்களா? முதலில் மேசையை அளந்துகொள்ளுங்கள்

மாணவர்களுக்கான உலக ரோபோ போட்டியான வேர்ல்டு ரோபோட் ஒலிம்பியாடில், ரோபோமிஷன் பிரிவின் ஆட்ட விரிப்பு (ரோபோ ஓடும் தளம்) 2362 மி.மீ. நீளம், 1143 மி.மீ. அகலம். கடையில் கிடைக்கும் எட்டடிக்கு நாலடி பிளைவுட் பலகையில் அதை விரித்தால் சுற்றிலும் சுமார் 38 மி.மீ. மிஞ்சும்; ஓரச்சட்டம் அடிக்க அது போதும். நான்கு பக்கமும் ஒரு மீட்டர் நடைவழி விட்டால், 15 அடிக்கு 11 அடி அறை வேண்டும்.

கோலாலம்பூரில் பலருக்கும் உடனே நினைவுக்கு வருவது கோயில் மண்டபம். வாடகை மிச்சம்தான், ஆனால் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் மேசையைக் கழற்ற வேண்டிவரும். கழற்றி மாட்டும் மேசை சமமாக நிற்காது. நேற்று ஓடிய நிரல் இன்று பிசகும். ஆகவே மண்டபத்தை விட, பூட்டி வைக்கக்கூடிய சின்ன அறையே மேல். தமிழ்ப்பள்ளியில் காலி வகுப்பறை இருந்தால் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் மூலம் தலைமையாசிரியருக்குக் கடிதம் கொடுங்கள். எந்த நாள், எத்தனை மணி வரை, சாவி யாரிடம் என்று மூன்றையும் அதில் எழுதிவிடுங்கள். பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் பக்கம் கடைவீட்டு மாடி எடுப்பதானால், முழுப் பலகை படிக்கட்டில் திரும்புமா என்று முன்பணம் கொடுக்கும் முன்பே அளந்து பாருங்கள்.

பலகை 12 மி.மீ. தடிப்பு போதும். அடியில் 40 செ.மீ.க்கு ஒரு குறுக்குச்சட்டம் கொடுங்கள். சாயத்தை மேல், கீழ் இரண்டு பக்கமும் பூசுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசினால் மறுபக்கம் நம்மூர் ஈரத்தை உறிஞ்சி, பலகை வளைந்துவிடும். ரசமட்டம் வைத்துக் கால்களைச் சரிசெய்யுங்கள்.

மேசையை ஜன்னலோரம் போடவே வேண்டாம். காலை வெயிலில் வெள்ளையாகப் படித்த ரோபோவின் நிற உணரி (கலர் சென்சார்), மழை மேகம் கூடிய மாலையில் வேறு எண் காட்டும். பிள்ளைகள் நிரலில் பிழை தேடித் தவிப்பார்கள். பிழை திரைச்சீலை இல்லாததில் இருக்கும். தடித்த திரை போட்டு, விளக்கு வெளிச்சத்திலேயே உணரியை அளவுதிருத்துங்கள். சக்கரம் வழுக்கினால் தூசுதான். ஈரத்துணியால் துடைத்தால் சரியாகும்.

மின்சாரத்துக்கு சிரிம் (மலேசியத் தரச் சான்று) முத்திரையுள்ள நீட்டிப்புப் பலகை மட்டும் வாங்குங்கள். 13 ஆம்பியர் பிளக் ஏறக்குறைய 3000 வாட் தாங்கும். பற்றவைப்புக் கோலும் (சால்டரிங் அயர்ன்) முப்பரிமாண அச்சுப்பொறியும் அதற்குப் பாரமல்ல. வெந்நீர்க் கெண்டியையும் வெப்பக்காற்றுத் துப்பாக்கியையும் சேர்த்து மாட்டினால்தான் ஃபியூஸ் போகும். இடி இடித்தால் எல்லாப் பிளக்குகளையும் கழற்றிவிடுங்கள். லித்தியம் பாலிமர் பேட்டரியை ஆள் இல்லாத நேரத்தில் சார்ஜ் செய்யக்கூடாது. அச்சுப்பொறிக்கான பிளாஸ்டிக் இழையைச் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். ஈரம் ஏறினால் அச்சுப்பொறியின் முனையில் பொரிந்து, அச்சு சொரசொரப்பாகும்.

ஒயர், கனெக்டர், ரெசிஸ்டர் போன்ற உதிரிகளுக்குப் புடு வட்டாரத்தின் ஜாலான் பாசார் சாலைக்குப் போங்கள்.