ஓடிடி தொடர் எழுதியவர் தம் பார்வை போனஸைக் கணக்கிடும் முறை

அமெரிக்க ஓடிடி தளங்களுக்கு எழுதுபவருக்கு, முதல் ஊதியத்துக்கு மேல் 'ரெசிடுவல்' எனப்படும் மறுபயன்பாட்டுத் தொகையும் உண்டு. அத்தளங்களுக்கென்றே தயாரான தொடர்களைப் பொறுத்தவரை, நூறு பேர் பார்த்தாலும் கோடிப் பேர் பார்த்தாலும் இத்தொகை ஒன்றாகவே இருந்துவந்தது. 2023 மே 2 அன்று தொடங்கி 148 நாள் நீடித்த வேலைநிறுத்தத்துக்குப் பிறகே, அமெரிக்கத் திரை எழுத்தாளர் சங்கமான ரைட்டர்ஸ் கில்டின் ஒப்பந்தத்தில் பார்வைக்கேற்ற போனஸ் இடம்பெற்றது. அத்தனை பேர் வருமானத்தை இழந்து பெற்ற உரிமையை, கணக்குப் புரியவில்லை என்று யாரும் கைவிட்டுவிடக் கூடாது.

முதலில் தகுதியைப் பாருங்கள். தொடர் அந்தத் தளத்துக்கென்றே தயாரான அதிகச் செலவுப் படைப்பாகவும், 2024 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்போ வெளியானதாகவும் இருக்க வேண்டும். உங்கள் பெயர் எந்தத் தகுதியில் திரையில் வருகிறது என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். கதை ஒருவருடையது, திரைக்கதை வேறொருவருடையது என்றால் ரெசிடுவல் 25-க்கு 75 என்ற விகிதத்தில் பிரியும்.

அடுத்து, ஒரு தாளில் மூன்று எண்களை எழுதிக்கொள்ளுங்கள்: வெளியான முதல் 90 நாளில் உள்நாட்டில் (அதாவது அமெரிக்காவிலும் கனடாவிலும்) பார்க்கப்பட்ட மொத்த மணிநேரம், அந்த சீசனின் மொத்த நீளம், தளத்தின் உள்நாட்டுச் சந்தாதாரர் எண்ணிக்கை. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் கிடைப்பதே 'பார்வை'. அது சந்தாதாரர் எண்ணிக்கையில் 20 சதவீதத்தை எட்டினால் போனஸ் உண்டு. 2023 இறுதியில் நெட்ஃபிளிக்ஸுக்கு அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறத்தாழ 8 கோடிச் சந்தாதாரர்கள் இருந்தனர். அதில் 20 சதவீதம் 1.6 கோடி. எட்டு மணிநேரத் தொடர் இந்த எல்லையைத் தொட 12.8 கோடி மணிநேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும். ஒரு மணிநேர முதல் அத்தியாயத்தோடு நிறுத்திவிட்டவர் இக்கணக்கில் எட்டில் ஒரு பார்வையாகவே சேர்வார் என்பதால், எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்ற விளம்பர எண்ணை நம்பி முடிவுக்கு வராதீர்கள். பெரிய தளங்களில் ஒரு மணிநேர அத்தியாயத்துக்கான போனஸ் 16,415 டாலர், அரைமணிநேர அத்தியாயத்துக்கு 9,031 டாலர் என்று கில்ட் அறிவித்தது.

இந்த எண்களைப் பெறுவதுதான் கடினம். 2023 டிசம்பரிலிருந்து நெட்ஃபிளிக்ஸ் அரையாண்டுக்கொரு முறை பார்வை மணிநேரத்தை வெளியிடுவது வரவேற்கத்தக்கதே. ஆயினும் அது உலகம் முழுவதற்குமான தொகையாகவும், 90 நாளுக்குப் பதில் ஆறு மாதக் கணக்காகவும் இருப்பதால், இந்தக் கணக்குக்கு உதவாது. மேலும், 2025-இலிருந்து காலாண்டுதோறும் சந்தாதாரர் எண்ணிக்கையை வெளியிடுவதையும் அந்நிறுவனம் நிறுத்திவிட்டது. சந்தாதாரர் எண்ணிக்கையை மறைத்துவிட்டு மணிநேரத்தை மட்டும் காட்டுவதை வெளிப்படைத்தன்மை என்று என்னால் ஏற்க முடியவில்லை. ஒப்பந்தப்படி நிறுவனங்கள் உள்நாட்டு, வெளிநாட்டு மணிநேர விவரங்களை ரகசியக் காப்பு நிபந்தனையுடன் கில்டுக்குத் தருகின்றன. கில்ட் அவற்றைத் தொகுத்த வடிவில்தான் உறுப்பினர்களுக்குச் சொல்லலாம்.

ஆகவே, தலைப்பு, வெளியான தேதி, அத்தியாய நீளங்கள், திரையில் வந்த பெயர்கள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, எல்லை எட்டப்பட்டதா என்று கில்டின் ரெசிடுவல் பிரிவுக்கு எழுத்துமூலம் கேளுங்கள். முதல் ஆண்டில் எட்டாவிட்டாலும், பின்வரும் ஒவ்வோர் ஆண்டின் முதல் 90 நாளும் புதிய வாய்ப்பு என்பதால், அந்தத் தேதிகளை நாட்காட்டியில் குறித்துவைத்து மீண்டும் கேளுங்கள்.