விண்கலச் சிற்றுருவங்களைப் படமெடுக்கும் முறை: தொடக்கநிலையாளருக்கு

மேசைப் போர் விளையாட்டுகளுக்கான விண்கலச் சிற்றுருவங்களில் பல உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். 2012 இல் வெளிவந்த எக்ஸ்-விங் என்ற ஸ்டார் வார்ஸ் மேசை விளையாட்டில் சிறு கலங்கள் 1/270 என்ற அளவில் செய்யப்பட்டிருந்தன; 12.5 மீட்டர் நீளக் கலம் அந்தக் கணக்கில் ஏறத்தாழ 4.6 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். இவ்வளவு சிறிய பொருளைப் புதிதாக வாங்க எண்ணுகிற ஆட்டக்காரர், அதன் அளவு என்ன, தகட்டுக் கோடுகள் (கலத்தின் மேற்பரப்புத் தகடுகள் சேரும் இடங்களைக் காட்டும் பள்ளக் கோடுகள்) எவ்வளவு கூர்மையாக வார்க்கப்பட்டுள்ளன, பின்புறத்து எஞ்சின்கள் எப்படி இருக்கின்றன, கலத்தை உயர்த்திப் பிடிக்கும் தாங்கிக் கம்பி எந்த இடத்தில் செருகுகிறது என்பவற்றையே முதலில் தேடுகிறார். ஆகவே தகவல் தரும் படங்களை முதலில் எடுத்து முடித்துவிட்டு, விண்வெளியில் மிதப்பது போன்ற அழகுப் படத்துக்குப் பிறகு செல்வது நல்லது.

1. கலத்தைத் தயார் செய்தல்

மென்மையான தூரிகையால் தூசியைத் துடைத்துவிடுங்கள். வண்ணம் பூசாத ரெசின் கலத்துக்குள் ஒளி சற்று ஊடுருவுவதால் நுணுக்கங்கள் மங்கித் தெரியும். உலோகக் கலமோ பளபளத்து ஒளியைத் திருப்பி அடிக்கும். இரண்டுக்கும் பளபளப்பற்ற சாம்பல் நிற பிரைமரை (வண்ணத்துக்கு முன் பூசும் அடிப்பூச்சு) மெல்லிய பூச்சாகத் தெளித்தால் போதும். ஆனால் தெளிப்பதற்கு முன் உள்ளபடியே ஒரு படம் எடுத்து வையுங்கள். வார்ப்புக் கோடுகளையும் சிறு குறைகளையும் பூச்சால் மறைத்துவிட்டுக் காட்டுவது வாங்குபவருக்கு நியாயமாகாது.

2. பின்னணி

சாம்பல் நிறச் சார்ட் பேப்பர் ஒன்றின் ஒரு முனையைச் சுவரில் ஒட்டி, மறுமுனையை மடிப்பு விழாமல் மேசை மீது வளைத்து இறக்குங்கள். கேமரா, காட்சி முழுவதையும் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணியே ஒளியை அளக்கிறது. அதனால் வெள்ளைத் தாளில் கலம் இருண்டும், கறுப்புத் தாளில் வெளுத்தும் போய்விடுகிறது. சாம்பல் தாளில் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

3. ஒளி

ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். நான் முதன்முதலில் எடுத்த பத்துப் படங்களிலும் எஞ்சின் முனைகள் வெள்ளைப் புள்ளிகளாக வெடித்திருந்ததற்கு அதுவே காரணம். ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு எல்இடி மேசை விளக்குகள் போதுமானவை. அறையின் டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தால் இரு வேறு நிற ஒளிகள் கலந்து, பின்னர் எப்படித் திருத்தினாலும் சரியாகாத நிறக்கறை விழும் என்பதால், அதையும் அணைத்துவிட வேண்டும்.

முதன்மை விளக்கைக் கலத்தின் ஒரு பக்கத்தில், சற்று மேலிருந்து சாய்வாக ஒளி விழும்படி வையுங்கள். நேர் எதிரே வைத்தால் நிழலே விழாது; நிழல் இல்லையென்றால் தகட்டுக் கோடுகள் கண்ணில் படா. விளக்குக்கும் கலத்துக்கும் நடுவே பட்டர் பேப்பரைப் பிடித்தால் நிழலின் விளிம்பு மென்மையாகும். மறுபக்கத்தில் ஒரு தெர்மாகோல் துண்டை நிறுத்தினால், திரும்பி வரும் ஒளி இருண்ட பகுதியைக் காட்டிக்கொடுக்கும். பல வேளைகளில் இந்தத் துண்டே போதுமானதாகி, இரண்டாம் விளக்குக்கு வேலையில்லாமல் போவதும் உண்டு.

4. கேமரா

முக்காலி கட்டாயம் வேண்டும். ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, அப்பர்ச்சர் (லென்ஸின் ஒளித்துளை; எஃப் எண் கூடினால் துளை சுருங்கும்) எஃப்/11, இரண்டு விநாடி டைமர் என்று வைத்துக்கொண்டு, ஷட்டர் வேகத்தைக் கேமராவிடமே விட்டுவிடுங்கள். மிக அருகிலிருந்து எடுக்கும்போது கூர்மையாகத் தெரியும் ஆழம் சில மில்லிமீட்டராகக் குறைந்துவிடுவதால், கலத்தின் மூக்கு தெளிவாகவும் வால் மங்கலாகவும் வருவது இயல்பு. அப்பர்ச்சரைச் சுருக்கினால் அந்த ஆழம் கூடும். ஆனால் எஃப்/16-ஐத் தாண்டினால் படம் முழுவதுமே சற்று மென்மையாகிவிடும்.

கைபேசியில் எடுப்பவர்கள் கலத்தை முட்டுமளவுக்கு நெருங்காமல், அரை மீட்டர் அளவுக்கு விலகி நின்று 2 மடங்கு பெரிதாக்கி எடுப்பது மேல். நெருங்கினால் கலத்தின் முன்பகுதி ஊதிப் பெருத்துத் தெரிவதோடு, கைபேசியின் நிழலும் அதன் மீது விழும்.

5. கோணங்கள்

முன்புறச் சாய்கோணம், பக்கவாட்டு, பின்புறம், மேல், அடிப்பகுதி ஆகிய ஐந்தும் தேவை. கடைசியிரண்டைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தாங்கிக் கம்பிக்கான துளை அடிப்பகுதியில்தான் இருக்கிறது. ஆறாவதாக, அளவுகோலுடன் ஒரு படம் எடுங்கள். அளவுகோல் கலத்துக்கு முன்னே கிடந்தால் அதன் கோடுகள் பெரிதாகத் தெரிந்து கலத்தைச் சிறியதாகக் காட்டிவிடும். கேமராவிலிருந்து இரண்டும் ஒரே தொலைவில் இருக்க வேண்டும். ஆட்டக்காரர்களிடம் ஏற்கெனவே இருக்கும் பழைய கலம் ஒன்றை அருகில் நிறுத்தி எடுத்தால், மில்லிமீட்டர் கணக்கைவிட அது அவர்களுக்கு விரைவில் விளங்கும்.

6. விண்வெளிப் படம்

இங்கே பட்டர் பேப்பரையும் தெர்மாகோலையும் எடுத்துவிடுங்கள். விண்வெளியில் ஒளியைச் சிதறடிக்கக் காற்று இல்லாததால், சூரியன் ஒன்றிலிருந்து வரும் ஒளி கூரிய விளிம்புள்ள கறுப்பு நிழல்களையே உண்டாக்கும். விளக்கு கலத்திலிருந்து 30 சென்டிமீட்டரிலும், கறுப்புத் துணி விளக்கிலிருந்து 120 சென்டிமீட்டரிலும் இருந்தால், தொலைவு 4 மடங்காவதால் துணிக்குக் கிடைக்கும் ஒளி 16 இல் ஒரு பங்காகி, அது தானாகவே இருளில் மறையும். கலத்தின் வெளிச்சமான பகுதி வெளுத்துப்போகாதபடி எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியின் அளவை) ஓரிரு படி குறைத்துக்கொள்ளுங்கள்.

பின்னணியில் நட்சத்திரங்களை வாரி இறைப்பதை நான் விரும்புவதில்லை. சூரிய ஒளியில் நிலவின் தரையில் நின்று அப்பல்லோ வீரர்கள் எடுத்த படங்களில் வானம் வெறும் கறுப்பாகவே இருக்கிறது. வெளிச்சமான பொருளுக்கேற்ற ஷட்டர் வேகத்தில் மங்கலான நட்சத்திரங்கள் பதிவதில்லை.

கேமராவைக் கலத்தின் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இறக்கினால் சிறு பொம்மையும் பிரம்மாண்டமாக நிமிரும். ஆனால் வால் மங்கினால் உடனே அதன் உண்மை அளவு தெரிந்துவிடும். அதைத் தவிர்க்க, கேமராவை அசைக்காமல் மூக்கிலிருந்து வால் வரை ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்தி எட்டுப் பத்துப் படங்கள் எடுத்து, ஃபோகஸ் ஸ்டாக்கிங் வசதியுள்ள மென்பொருளில் ஒன்றாக இணைக்கலாம். தாங்கிக் கம்பியை அங்கேயே அழித்துவிடலாம்.

விளக்குகளைக் கழற்றுவதற்கு முன் படங்களைக் கணினித் திரையில் முழு அளவில் பெரிதாக்கிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத தூரிகை முடி ஒன்று அங்கே கயிறு போலக் கிடக்கும். ஊதிவிட்டு மீண்டும் எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.