விமான நிறுவனங்கள் இணையும்போது விமானிகள் சங்கம் செய்ய வேண்டியவை

இணைப்புச் செய்தி வந்ததும் எல்லோரும் சம்பளத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். சம்பளத்தில் விட்டதை அடுத்த ஒப்பந்தத்தில் பிடித்துவிடலாம். சீனியாரிட்டி எண்ணில், அதாவது பணிமூப்புப் பட்டியலில் உங்கள் இடத்தில், விட்டதைப் பிடிக்க முடியாது. எந்த விமானம், இடது இருக்கையா (கேப்டன்) வலது இருக்கையா (துணை விமானியான ஃபர்ஸ்ட் ஆபீசர்), எந்த ஊர் பேஸ் (பணித்தளம்), ஆட்குறைப்பில் யார் முதலில் வெளியே என்று ஓய்வு பெறும் நாள்வரை அந்த ஓர் எண்ணே தீர்மானிக்கிறது. அதனால் சங்கத்தின் நேரமும் பணமும் முதலில் அங்கேதான் போக வேண்டும். கீழே உள்ளது அமெரிக்க நடைமுறை. அங்கே 1926-ஆம் ஆண்டின் ரயில்வே தொழிலாளர் சட்டம் 1936 முதல் விமானத் துறைக்கும் பொருந்துகிறது.

முதல் வாரம்: பழைய ஒப்பந்தம்

உங்கள் ஒப்பந்தத்தில் வாரிசு நிறுவனப் பிரிவு (நிறுவனம் கைமாறினாலும் ஒப்பந்தம் தொடரும் என்பது) இருக்கிறதா, அது வாங்குபவரையும் கட்டுப்படுத்துகிறதா என்று வழக்கறிஞரோடு உட்கார்ந்து வரிவரியாகப் படியுங்கள். பாதுகாப்புப் பிரிவு எதையும் அவசரத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். 2001-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் டிடபிள்யூஏ என்ற விமான நிறுவனத்தை வாங்கியபோது, திவால் நெருக்கடியில் டிடபிள்யூஏ விமானிகள் அப்படி விட்டுக்கொடுத்தார்கள். பலர் இணைந்த சீனியாரிட்டிப் பட்டியலின் அடியில் ஒட்டப்பட்டார்கள். அந்தக் காயத்திலிருந்து பிறந்ததுதான் 2007-இன் மெக்காஸ்கில்–பாண்ட் சட்டத்திருத்தம்: பட்டியல் நியாயமாக இணைக்கப்பட வேண்டும், பேசித் தீராவிட்டால் நடுவரிடம் போக வேண்டும். இரு தரப்புக்கும் ஒரே சங்கம் என்றால் அந்தச் சங்கத்தின் உள்விதிகளே செல்லும்.

விவரங்களை உறைய வையுங்கள்

இரு தரப்பும் ஒரு தேதியைக் குறித்துக்கொண்டு, அன்றைய நிலவரத்தை எழுத்தில் சான்றிட வேண்டும். ஒவ்வொரு விமானிக்கும் சேர்ந்த தேதி, பிறந்த தேதி, ஆட்குறைப்பில் வெளியே இருந்த காலம், இருக்கை, விமான வகை, பேஸ் ஆகியவை வேண்டும். இதை அவரவரே சரிபார்த்துக் கையெழுத்திடச் செய்யுங்கள். தேதி குறிக்காமல் விட்டால், இணைப்புக்குப் பிந்திய பதவி உயர்வுகளை ஒரு தரப்பு தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளப் பார்க்கும்.

பட்டியல் கணக்கு

ஒரு நிறுவனத்தில் 300 கேப்டன்கள், இன்னொன்றில் 100 பேர் என்று வைத்துக்கொள்வோம். விகித முறையில் முதல் மூன்று இடம் பெரியதற்கு, நான்காவது சிறியதற்கு, மறுபடி மூன்று, ஒன்று. ஃபர்ஸ்ட் ஆபீசர்களுக்கு இது தனிக்கணக்கு; அங்கே 300-க்கு 150 என்றால் இரண்டுக்கு ஒன்று. சேர்ந்த தேதி முறையில் முடிவு தலைகீழாகும். சிறிய நிறுவனம் தொடங்கிப் பத்தே ஆண்டுகள்தான் என்றால், அதன் மூத்த கேப்டன்கூட பெரிய நிறுவனத்தின் பதினைந்து வருட ஃபர்ஸ்ட் ஆபீசருக்குக் கீழே போவார். இரண்டையும் எடை போட்டுக் கலப்பதே நியாயத்துக்கு அருகில் வரும் என்பது எங்கள் கருத்து. பல நிறுவனங்களின் விமானிகள் சேர்ந்த ஆல்பா சங்கமும் 2009-இல் தன் விதிகளைத் திருத்தி, பணிக்காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று சேர்த்தது.

அந்தத் திருத்தத்துக்குக் காரணம் யுஎஸ் ஏர்வேஸ்–அமெரிக்கா வெஸ்ட் நிறுவனங்களின் இணைப்பு. நடுவர் ஜார்ஜ் நிக்கோலாவ் 2007-இல் தந்த பட்டியலில் யுஎஸ் ஏர்வேஸின் 517 விமானிகள் தலையில் இருந்தார்கள், ஆட்குறைப்பில் இருந்தவர்கள் அடியில் போனார்கள், மற்றவர்கள் விகிதப்படி கலந்தார்கள். எண்ணிக்கையில் பெரிய யுஎஸ் ஏர்வேஸ் தரப்பு அதை ஏற்கவில்லை. 2008-இல் ஆல்பாவையே வாக்கெடுப்பில் வெளியேற்றிப் புதுச் சங்கம் அமைத்தது. 2013-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸோடு இணையும்வரை இரு தரப்பும் தனித்தனி ஒப்பந்தத்திலேயே பறந்தன. இரு தரப்புக்கும் பொதுவான கூட்டு ஒப்பந்தத்தின் சம்பள உயர்வு அத்தனை வருடமும் யார் கைக்கும் வரவில்லை.

இதைத் தவிர்க்க வழி உண்டு. கூட்டு ஒப்பந்தத்தை முதலில் வாக்குக்கு விடுங்கள், நடுவரின் பட்டியல் அதன் பிறகே வெளியாகட்டும். இந்த வரிசையையும் கெடு தேதிகளையும் நிர்வாகத்தோடு போடும் நடைமுறை ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். இணைப்பு முடியும் முன்பே இதற்குக் கையெழுத்து வாங்குவது முக்கியம், ஏனெனில் நிர்வாகத்துக்கு உங்கள் ஒத்துழைப்பு மிகவும் தேவைப்படுவது அந்தச் சில மாதங்களில்தான். டெல்டா–நார்த்வெஸ்ட் விமானிகள், 2008 அக்டோபர் 29 இணைப்புக்கு முன்பே கூட்டு ஒப்பந்தத்தை நிறைவேற்றினார்கள். பட்டியல் அந்த டிசம்பரிலேயே வந்துவிட்டது.

தலைமைக் குழு தானாகவே ஓர் உடன்பாட்டை நிராகரிப்பதும் ஆபத்து. 2011-இல் சவுத்வெஸ்டோடு எட்டிய முதல் உடன்பாட்டை ஏர்ட்ரான் விமானிகளின் குழு உறுப்பினர் வாக்குக்கே அனுப்பவில்லை. அடுத்து வந்த உடன்பாடு அதைவிட மோசமாக இருந்தது.

வேலைநிறுத்தம் எப்போது?

ரயில்வே தொழிலாளர் சட்டத்தில் ஒப்பந்தம் காலாவதியாவதில்லை, திருத்தத்துக்குரியதாகிறது, அவ்வளவே. திருத்த நோட்டீஸ், நேரடிப் பேச்சு, பிறகு அரசின் தேசிய சமரச வாரியம். வாரியம் எத்தனை மாதமும் உட்கார வைக்கலாம். நடுவரிடம் போகலாம் என்ற அதன் அழைப்பை யாராவது மறுத்து, அது விடுவித்தால் 30 நாள் காத்திருப்பு. அதன் பிறகே கதவு திறக்கும். அப்போதும் குடியரசுத் தலைவர் அவசரக் குழு அமைத்துத் தள்ளிப்போட முடியும். அந்த 30 நாளும் முடிந்த பிறகுதான் ஸ்பிரிட் நிறுவன விமானிகள் 2010 ஜூனில் ஐந்து நாள் நிறுத்தினார்கள்.

குறுக்கு வழி சங்கத்தையே விழுங்கிவிடும். 1999 பிப்ரவரியில், தங்கள் நிறுவனம் ரீனோ ஏரை வாங்கியதை எதிர்த்து அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் கூட்டமாக உடல்நலமில்லை என்று சொல்லி வீட்டில் இருந்தார்கள். நீதிமன்றத் தடையை மீறியதற்காகச் சங்கத்துக்கு விதிக்கப்பட்ட அபராதம் சுமார் 4.5 கோடி டாலர். ஓவர்டைம் மறுப்பைக் கூட்டாகத் தூண்டுவதும் இதே வலையில் விழும். விமான நிலைய வாசலில் பதாகையோடு நிற்பது, வேலைநிறுத்த அங்கீகார வாக்கெடுப்பு நடத்துவது, நிதி திரட்டுவது ஆகியவற்றுக்குத் தடையில்லை.

நடுவரின் பட்டியல் தீர்ப்பு வந்த அன்று

முதலில் உங்கள் எண்ணுக்கு மேலும் கீழும் உள்ள சில பெயர்களைச் சான்றிட்ட விவரத்தோடு ஒப்பிடுங்கள். எழுத்துப்பிழைத் தேதிகளுக்குக் கெடுவுக்குள் ஆட்சேபம் கொடுங்கள். பிறகு வேலி நிபந்தனைகளை, அதாவது சில இருக்கைகளைக் குறிப்பிட்ட காலம் ஒரு தரப்புக்கே ஒதுக்கும் விதிகளை, படியுங்கள். பெரிய விமானங்களின் இருக்கை எத்தனை வருடம் ஒரு தரப்புக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது, அந்த விமானங்களை நிர்வாகம் விற்றுவிட்டால் அந்த ஒதுக்கீடு என்னவாகும் என்பது தெளிவாக இல்லையென்றால், நடுவர் குழு கலையும் முன்பே விளக்கம் கேட்டு எழுதிவிடுங்கள்.